தோட்டத்திற் சிற்றறை அமைத்தல்
முதன்முறையாகத் தாமே கட்டுவோருக்கு

கமக்காரர் பலரின் இல்லங்களில் விதைநெல் மூட்டை, விதைவெங்காயக் கட்டு, பசளைப் பை, தெளிகருவி, பீடைகொல்லிப் போத்தல் ஆகிய யாவும் விறாந்தையின் ஒரே மூலையில் வைக்கப்படுகின்றன. இதனால் விளையும் கேடுகள் இரண்டு. ஒன்று, ஈரமும் எலியும் அடுத்த போகத்துக்குரிய விதையை அழித்தல். மற்றொன்று, நஞ்சு சிறுவரின் கைக்கு எட்டுதல். முன்னையது ஒரு போகத்தின் முயற்சியைக் கெடுக்கும். பின்னையதோ ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தரும். வீட்டுக்குச் சற்று அப்பால், தோட்டத்தில் ஒரு சிற்றறை அமைப்பின் இவ்விரு கேடுகளையும் தவிர்த்தல் எளிதாகும்.

கட்டட வேலையில் முன்பயிற்சி இல்லாதவரும் ஓரிருவர் துணையுடன் இத்தகைய அறையைக் கட்டி முடிக்கலாம். அவர் மனத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு: அறையின் அடி நனையலாகாது, அதன் கூரை காற்றில் எழும்பலாகாது. கீழே கூறப்படும் முறைகள் யாவும் இவ்விரண்டையும் நோக்கியனவே.

காலமும் இடமும்

வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக அறுவடை முடிந்தபின் வரும் பங்குனி, சித்திரை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. மாரி தொடங்குமுன் கூரை வேலை முற்றாக முடிந்திருத்தல் வேண்டும்.

மேட்டு நிலத்தையே தெரிவு செய்க. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயற்காணியை நிரப்புதலோ அதிற் கட்டடம் எழுப்புதலோ ஆகாது. மேட்டுக் காணியிற் கட்டுவோரும் முன்னதாகப் பிரதேச சபையில் விசாரித்துக்கொள்ளல் நன்று.

தென்னை, மா ஆகிய மரங்களின் கீழும் கிணற்றின் அருகிலும் அறை அமைத்தல் தகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலே சிந்தும் பசளையும் நஞ்சும் விரைவில் நிலத்தடி நீரை அடையும். ஆதலின் கிணற்றிலிருந்து இயன்ற அளவு விலகி நிற்றல் வேண்டும்.

நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கினால் சுவர்களில் வெயில் குறைவாகப் படும். வாயிலை மேற்குப் பக்கத்தில் அமைத்தால் வாடைக்காற்றோடு வரும் மழை உள்ளே அடிக்காது.

அளவு குறித்தல்

புதிதாகக் கட்டுவோருக்கு 12 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள அறை மிகப் பொருத்தமானது. இவ்வளவுள்ள அறையின் மூலைவிட்டம் சரியாக 15 அடி ஆகும். எனவே மூலைமட்டம் இன்றியே, அளவு நாடாவைக் கொண்டு மூலைகளைச் சரிபார்க்கலாம்.

முதலில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து 12 அடி தூரத்தில் இரண்டாவது முளையை அடிக்கவும். முதலாவது முளையிலிருந்து 9 அடியும் இரண்டாவதிலிருந்து 15 அடியும் வரும் இடத்தில் மூன்றாவதை நாட்டவும். இவ்வாறே நான்காவது முளையையும் நாட்டி, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கவும். இரண்டும் ஒத்திராவிடின் முளைகளைத் திருத்தாமல் மண் வெட்டத் தொடங்குதல் கூடாது. இங்கு நேரும் சிறு பிழை கூரை ஏற்றும்போது பெரும் பிழையாக முடியும்.

அத்திவாரம்

நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக ஆறு குழிகள் வெட்டல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரமும், உறுதியான மண் வரும்வரை குறைந்தது 2 அடி ஆழமும் உடையதாய் இருக்கட்டும். சீமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, சல்லி 4 பங்கு சேர்ந்த கலவையால் இவற்றை நிரப்பி, நிலத்துக்கு மேல் ஓரடி உயரம்வரை 9 அங்குலச் சதுரக் குற்றிகளாக எழுப்புக. மாரி வெள்ளம் ஏறும் இடமாயின், அது ஏறிய எல்லைக்கு மேலாகக் குற்றிகளை உயர்த்தல் வேண்டும். கடற்கரை மணலைக் கலத்தல் ஆகாது. அதிலுள்ள உப்பு இரும்பை அரித்துவிடும்.

கலவை இறுகுமுன் ஒவ்வொரு குற்றியின் தலையிலும் தூணைப் பற்றுவதற்குரிய இரு இரும்புப் பட்டைகளைப் பதித்துவிடுக. அவை 9 அங்குலம் உள்ளேயும் 9 அங்குலம் வெளியேயும் இருத்தல் வேண்டும். ஆறு குற்றிகளின் தலைகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்பதை, நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற தெளிந்த குழாயினாற் பார்த்துக்கொள்ளலாம். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

குற்றிகளுக்கிடையே ஓரடி ஆழத்திற் கான் வெட்டி, குற்றிகளின் உயரத்துக்குக் கல்லினால் அடிச்சுவர் கட்டுக. நடுவில் மண்ணை அரையடி அரையடியாக இட்டு, நீர் தெளித்து இடித்து இறுக்கி, மேலே 3 அங்குலத் தடிப்பில் சீமெந்துத் தளம் இடுக. சீமெந்து வேலையை ஏழு நாட்களுக்கு ஈரமாக வைத்திருத்தல் அவசியம். விரைவிற் காய்ந்த சீமெந்து வலிமை பெறாது.

தூண்களும் சுவரும்

வைரம் பாய்ந்த மரத்தில் 7 அடி உயரமான ஆறு தூண்கள் வேண்டும். பனையைத் தறிப்பதாயின் முன்னரே உரிய அனுமதியைப் பெறுக. தூண்களை மண்ணிற் புதைத்தல் கறையானுக்கு வழி திறப்பதாகும். அவற்றைப் பட்டைகளுக்கிடையே நிறுத்தி, தூக்குக்குண்டினால் நேர் பார்த்து, ஆணிப்பூட்டுகளால் முடுக்குக. தூணின் அடிக்கும் சீமெந்துக்கும் இடையில் அரை அங்குல இடைவெளி விடப்பட்டால் மரம் ஈரத்தை உறிஞ்சாது. கறையான் ஏறினும் எளிதிற் கண்டுபிடிக்கலாம். பழைய எந்திர எண்ணெயைத் தூணுக்குப் பூசும் வழக்கம் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுப்பதால் கைவிடத்தக்கது.

தூண்களுக்கிடையே 3 அடி உயரத்துக்குச் சீமெந்துக் கல்லால் அரைச்சுவர் எழுப்புக. அதன்மேல் பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடித்து, உட்புறத்தில் கால் அங்குலக் கண்ணுடைய கம்பிவலையைப் பொருத்தினால் காற்று உலாவும், எலி புகாது. கதவின் அடிப்பகுதிக்குத் தகரம் அடிக்கவும். மாரியில் வடக்குப் பக்கத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டிக்கொள்ளலாம்.

கூரை

கிடுகு அல்லது பனையோலையால் வேயும் கூரை நன்கு சரிந்திருத்தல் வேண்டும். 9 அடி அகலமான அறைக்கு முகடு, வளையிலிருந்து நாலரை அடி உயர்ந்திருந்தால் மழைநீர் தேங்காது வழியும். தகரக் கூரைக்கு ஒன்றரை அடி உயரம் போதும். ஆயினும் அறை வெப்பம் மிகும். எவ்வகைக் கூரையாயினும் இறப்பு 2 அடி வெளியே நீண்டிருக்கட்டும். தகரத்தில் ஆணியை மேட்டு வரியிலேயே அடிக்க வேண்டும். பள்ள வரியில் அடித்தால் நீர் ஒழுகும்.

1964 டிசம்பரில் வடக்கையும் 1978 நவம்பரில் கிழக்கையும் தாக்கிய சூறாவளிகள் மாரிக் காலத்திலேயே வந்தன. பெருங்காற்று கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும் இயல்பினது. ஆகவே ஆணியை மட்டும் நம்புதல் தவறு. ஒவ்வொரு கைமரத்தையும் நாகமுலாமிட்ட கம்பியால் வளையோடு இருமுறை சுற்றிக் கட்டுக. வளையைத் தூணோடு இரும்புப் பட்டையாற் பிணைக்க. தூணுக்கும் வளைக்கும் இடையே சாய்வு முட்டுக்கள் கொடுக்க. கூரை வளையையும், வளை தூணையும், தூண் அத்திவாரத்தையும் விடாது பற்றி நிற்றல் வேண்டும். இவற்றுள் ஓரிணைப்பு தளர்ந்தாலும் ஏனையவற்றாற் பயனில்லை.

பொருள்களை வைத்தல்

விதைவெங்காயத்தைக் கட்டுக்களாக்கி, குறுக்குக் கம்புகளிற் காற்றுப் படுமாறு தொங்கவிடுக. விதைநெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. மூட்டைகளைத் தளத்தில் வைக்காது, அரையடி உயரமான மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஓரடி விலக்கி அடுக்குக. பசளை ஈரத்தை இழுக்குமாதலால் அதனை விதைக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கவும்.

பீடைகொல்லிகளைப் பூட்டுள்ள தனிப்பெட்டியில், அவை வந்த போத்தல்களிலேயே பெயர்ச்சீட்டுடன் வைத்தல் வேண்டும். குடிவகைப் போத்தல்களில் ஊற்றி வைத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. பெட்டியின் திறப்பை அறையில் விடாது, பொறுப்பான ஒருவர் தம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

முதல் மழை பெய்தவுடன் அறையினுள் நின்று ஒழுக்கு உண்டா எனப் பார்க்கவும். சுவரடியில் நீர் தேங்கினால் உடனே கான் வெட்டி வெளியேற்றவும். ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்திற் கம்பிக் கட்டுக்கள், ஆணிப்பூட்டுகள், தூண்களின் அடி, கூரை வேய்ச்சல் ஆகியவற்றைச் சோதித்துப் பழுது பார்த்தல் வேண்டும். ஒரு நாளில் முடியும் இவ்வேலை, மாரி முழுவதும் விதையைக் காத்துத் தரும்.