ஏரியின் ஆயுள் மேட்டில் இருக்கிறது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிரம்பான், பஹாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேமரன் மலைக்கு வேன் கட்டிக்கொண்டு போவது நெகிரி செம்பிலான் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அதைக் கடந்ததும் சாலையை ஒட்டியே ஏரி நீண்டு கிடக்கும். மழை பெய்து ஓய்ந்த நாளில் அந்தத் தண்ணீர் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் இருக்கும். மலையென்றால் மழை, மழையென்றால் கலங்கல் என்று பலரும் அதைக் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். ஆனால் அந்த நிறம் மேலேயுள்ள சரிவுகளின் கணக்கைச் சொல்கிறது. ஏரி நிறைந்து தூர்ந்துபோவதும் பிழைத்திருப்பதும் அதன் கரையில் முடிவாவதில்லை. மேட்டு நிலத்தை யார், எந்த ஏற்பாட்டில், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

மலையூர் ஏரிகளில் பெயர்பெற்ற பல, மனிதன் வெட்டியும் கட்டியும் உண்டாக்கியவை. ஊட்டி ஏரியை, கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரையான ஆண்டுகளில் உருவாக்கினார். கொடைக்கானல் ஏரி 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் அணை போட்டதால் வந்தது. இலங்கையின் நுவரெலியாவில் உள்ள ஏரி, 1870களில் அதை அமைத்த ஆளுநர் வில்லியம் கிரிகரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. ரிங்லெட் ஏரி இவற்றைவிட இளையது. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் எழுந்தபோது பிறந்தது. படகுச் சவாரிக்காக அதை யாரும் கட்டவில்லை. அங்கிருந்து சுரங்கவழியாகப் பேராக் பக்கம் இறங்கும் தண்ணீர், ஜோர் என்ற இடத்தில் நிலத்தடியில் இருக்கும் 100 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. எந்த நோக்கத்துக்குக் கட்டினாலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே இயல்புதான். ஓடுகிற தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். நின்ற தண்ணீர் அதைக் கீழே போட்டுவிடும். ஆகவே அணை கட்டிய நாளிலேயே ஏரி தூரத் தொடங்கிவிடுகிறது. அது எவ்வளவு வேகமாகத் தூர்கிறது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

கேமரன் மலையில் அந்த வேகம் கூடியதற்கு ஒரு வரலாறு உண்டு. நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துச் சொன்னது 1885இல். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் தமிழ்த் தொழிலாளிகளின் உழைப்பு பெரும் பங்கு. தேயிலைச் செடி நெருங்கி வளர்ந்துவிட்டால் ஆண்டு முழுக்க மண்ணை மூடியே வைத்திருக்கும். வேர் பிடித்த சரிவு சுலபத்தில் கரையாது. காய்கறி அப்படியில்லை. முட்டைக்கோஸும் தக்காளியும் அறுவடையானதும் நிலம் மறுபடி வெறுமையாகிறது, மறுபடி கொத்தப்படுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் செங்குத்துச் சரிவில் இப்படித் திரும்பத் திரும்ப மண்ணைத் திறந்தால், அது ஆற்றுக்குத்தான் போய்ச்சேரும். மழையிலிருந்து செடியைக் காக்கப் போட்ட பிளாஸ்டிக் கூரைகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. மண் குடிக்க வேண்டிய தண்ணீரை அவை ஒன்றுதிரட்டி, ஒரே பாய்ச்சலில் ஓடைக்கு அனுப்புகின்றன. போதாக்குறைக்குச் சாலை, தங்கும் விடுதி, அடுக்குமாடி என்று வெட்டிய மலைமுகங்கள் வேறு.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், அணைக்குக் கீழே வசிப்பவர்கள். ஏரியில் வண்டல் ஏற ஏற, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் சுருங்குகிறது. கனமழை வந்தால் முன்னைவிடச் சீக்கிரம் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை அணையிலிருந்து வெளியேறிய நீர் பெர்த்தாம் வேலியில் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் ரிங்லெட் பகுதி வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. "இது செயற்கை ஏரிதானே, தூர்ந்தால் தூர்ந்துபோகட்டும்" என்று சொல்வதற்கு இந்த இரண்டு ஆண்டுகள் போதுமான பதில்.

தூர்வாரினால் ஆகாதா என்று கேட்கலாம். தூர்வாரத்தான் வேண்டும், ரிங்லெட்டில் அந்த வேலை நடந்தும் வருகிறது. ஆனால் வாரிய சேற்றைக் கொட்ட மலையில் சமதரை கிடைப்பது அரிது. சரிவிலேயே கொட்டி வைத்தால் அடுத்த மழையில் அது மீண்டும் ஓடை தேடி இறங்கும். வரத்து குறையாதவரை தூர்வாருவது முடிவில்லாத செலவு. ஊட்டியைப் பார்த்தாலே இது விளங்கும். ஏரியின் பழைய பரப்பில் ஒரு பகுதி குதிரைப் பந்தய மைதானமாகவும் பேருந்து நிலையமாகவும் மாறிவிட்டது. மிஞ்சிய ஏரிக்கு ஊரின் கழிவுநீரைக் கோடப்பமந்து கால்வாய் சுமந்து வருகிறது. நீரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், கால்வாயின் மேல்முனையில் ஒன்றும் மாறாவிட்டால் வேலை மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. தீபகற்பத்தின் சந்தைகளுக்குப் போகும் காய்கறியில் கணிசமான பங்கு இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. பண்ணைகளை மூடினால் விவசாயி என்ன செய்வார், நாம் எதைச் சமைப்போம்? நியாயமான கேள்வி. பண்ணையை மூடச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கமும் அல்ல. அங்கே பல பண்ணைகள் நெடுங்காலமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நடந்து வந்தன. அடுத்த ஆண்டு இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத ஒருவர், பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் படிக்கட்டு வரப்புக்கும் வடிகாலுக்கும் பணம் போடுவாரா? விவசாயியின் பேராசை என்று பழிப்பதில் பாதி, நில ஏற்பாட்டின் கோளாறு. நீண்டகாலக் குத்தகை கொடுத்து, சரிவைக் காக்கும் கடமையை அதன் நிபந்தனையாக்கினால், மண்ணைக் காப்பது அவருக்கே லாபமாகும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நெகிரி செம்பிலான் தோட்டங்களே சாட்சி. ரப்பரின் தொடக்கக் காலத்தில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பதே துரைமார்களின் சட்டம். ஆளைப் போட்டுச் சுரண்டிச் சுத்தமாக வைத்தார்கள். அந்தச் சுத்தம் மேல்மண்ணை மழையோடு அனுப்பிவிட்டது; மரமும் வாடியது. அதன்பிறகுதான் நிரைகளுக்கு இடையே அவரை இனக் கொடிகளைப் படரவிடுவது, மேட்டில் படிக்கட்டு வெட்டுவது, மண்ணைப் பிடித்துவைக்கக் குழி தோண்டுவது எல்லாம் வழக்கமாயின. செம்பனை வந்த பிறகும் கன்றுகளுக்கு நடுவே கொடி விடும் பழக்கம் தொடர்ந்தது. தோட்ட நிர்வாகங்கள் இதை ஆற்றின்மேல் கொண்ட பாசத்தால் செய்யவில்லை. நிலம் பல பத்தாண்டுகள் தங்கள் கையில் இருக்கும் என்ற உறுதி அவற்றுக்கு இருந்தது. தற்காலிக உரிமத்துக்காரருக்கு இல்லாதது அந்த உறுதிதான்.

கூட்டத்தைக் குறைத்தால் மலை தப்பிக்கும் என்ற யோசனையும் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு கோடைப்பருவத்தில் ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. நெரிசலுக்கும் குப்பைக்கும் இது நல்ல மருந்து. ஆனால் சோதனைச்சாவடி வண்டியைத்தான் எண்ணும், சரிவில் இறங்கும் மண்ணை எண்ணாது. கேமரன் மலையில் முதலில் எண்ண வேண்டியது மண்ணை. ஏரிக்குள் வரும் ஓடை ஒவ்வொன்றிலும் எவ்வளவு வண்டல் வருகிறது என்று அளந்து, அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தால், எந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை சரியாக நடக்கிறது, எங்கே வெட்டு வரம்பு மீறியது என்பது மறைக்க முடியாத உண்மையாகிவிடும். குத்தகையைப் புதுப்பிப்பதும் விடுதிக்கு அனுமதி தருவதும் அந்தக் கணக்கைப் பார்த்தே நடக்க வேண்டும். அணைக்குச் சொந்தக்காரர் மின் நிறுவனம், நிலத்துக்குச் சொந்தக்காரர் பகாங் மாநிலம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கும்வரை, மேட்டில் செய்ததற்குப் பள்ளத்தில் இருப்பவர்தான் தண்டம் கட்டிக்கொண்டிருப்பார்.