பிக்கப் வண்டிக்கு நிமிர்ந்த புகைக்குழாய்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில் அமைந்துள்ளது மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்று நம்மவர் போற்றும் தலம். இராமானுசர் தங்கியிருந்த ஊர். இன்றும் ஐயங்கார் இல்லங்களில் தமிழ் வழங்கும் இடம். குன்றின் கீழே கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களின் புகைக்குழாய் முகப்பில் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, கரட்டுப் பாதையில் ஓடும் தம் பிக்கப் வண்டிக்கும் அவ்வாறே ஒன்றைப் பொருத்தலாகாதா என்று வினவுவோர் உளர். பட்டறைக்காரர் சைலன்சர் என்று சொல்வது இதையே.

டிராக்டருக்கு அக்குழாய் பொருந்துவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அதன் எந்திரம் முன்னே இருக்கிறது. ஓட்டுநர் திறந்த வெளியில் பின்னே அமர்கிறார். புகை அவர் தலைக்கு மேலே போய்விடுகிறது. சூடான குழாய் உலர்ந்த வைக்கோலுக்கு அருகில் செல்வதில்லை. பிக்கப் வண்டியின் அமைப்போ முற்றிலும் வேறு. நடுவில் மூடிய ஓட்டுநர் அறை, அதன் பின்னே சரக்குத் தட்டு. நிமிர்ந்த குழாய் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் எழுகிறது. அத்தட்டில் யார் ஏறுகிறார்கள் என்பதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது முறையன்று. ஆயினும் வயல் வேலைக்குச் செல்லும் பெண்டிரும் சிறுவரும் அதில் நின்று செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். மேடேறும்போது காய்ந்து கிடக்கும் குழாயை, வண்டி குலுங்குகையில் ஒரு கை தாங்கிக்கொள்ளப் பற்றினால் என்ன ஆகும்? தார்ப்பாய் அதில் உரசினால் என்ன ஆகும்?

காற்றின் போக்கும் கவனிக்கத் தக்கது. ஓடும் வண்டியின் அறைக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. குழாயின் வாய் கூரைக்குத் தாழ்வாக இருந்தால், புகை அச்சுழலில் சிக்கிப் பின் சன்னல் வழியே உள்ளே வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது.

நீரைக் கடப்பதற்கு உயர்ந்த குழாய் உதவும் என்பர். இதில் உண்மை சிறிதே. எந்திரம் ஓடுகையில் வெளியேறும் புகையே குழாய்க்குள் நீர் புகாமல் பெரும்பாலும் தடுக்கிறது. எந்திரத்தை உடைப்பது காற்று உட்செல்லும் வழியில் புகும் நீர். ஆகவே எத்தனை ஆழம் வரை செல்லலாம் என்று தயாரிப்பாளரின் கையேடு கூறும் அளவை மீறாமலிருப்பதே தக்க காப்பு.

இரட்டைக் குழாயும் அகன்ற குழாயும் வைத்தால் வலிமை பெருகும் என்பதும் மிகைதான். டர்போவுக்குப் பின் தடை குறைந்தால் சிறிது பயன் உண்டு. மாற்றமில்லாத எந்திரத்தில் அதைச் சுமையோடு மேடேறும் ஓட்டுநர் உணர்வது அரிது. ஓசையோ நன்றாகவே உணரப்படும்! 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஆறாம் நிலை வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்திகரிக்கும் வேளையில் ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வரை சூடேறும். குழாயின் வாயை மேலே தூக்கினாலும் இவ்வடிகட்டி பெரும்பாலும் அடியிலேயே இருக்கும். மேல்கோட்டையைச் சுற்றி, ஓநாய்களுக்காக 1974-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புதர்க்காடு உண்டு. மாசி, பங்குனியில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாமலிருப்பது எவ்வகைக் குழாய்க்கும் பொருந்தும் விதி.

சட்டம் பற்றி ஒரு சொல். பதிவுச் சான்றில் புகைக்குழாய் குறிப்பிடப்படவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்வாதம் சுவையாகவே படுகிறது. நிற்காது என்பதும் தெரிகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சில விலக்குகள் நீங்கலாக, புகை கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறலாகாது என்கின்றன. இடப்புறத்தில் நடந்து செல்வோர் இருப்பர். வைரமுடி விழாக் கூட்டத்தைக் கண்டோர்க்கு இதன் பொருள் விளங்கும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

எனவே சாலையில் ஓடும் வண்டிக்கு ஆலையிலிருந்து வந்த குழாயே போதும். அதன் அடியில் கல் படாமல் காக்கும் தகடும், வெப்பத் தடுப்பும் பழுதின்றி உள்ளனவா என்று பார்த்துக்கொண்டால் நன்று. பொதுச் சாலையில் ஏறாத, போட்டிக்கென வைத்திருக்கும் வண்டியாயின், நிமிர்ந்த குழாயின் வாய் கூரைக்கு மேலே, ஆட்களுக்கு அப்பால் திரும்பியிருக்கட்டும். கைபடும் உயரம் முழுதும் துளையிட்ட காப்புறை வேண்டும். எந்திரம் அதிர்வது ஒரு விதம், வண்டியின் உடல் அசைவது வேறு விதம். இரண்டையும் விறைப்பாக இணைத்தால் குழாய் வெடிக்கும், ஆதலால் நடுவே வளையும் இணைப்பு தேவை. மழைக்குத் தானே மூடிக்கொள்ளும் மூடியும், தேங்கும் நீர் வடிய அடியில் சிறு துளையும் வைக்க வேண்டும்.