கார் பாலிஷ் மெஷின்: உங்கள் வீட்டுக்கு எந்த அளவு?

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று அதன் பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அப்படி ஒரு பளபளப்பு!

இரண்டு ஆண்டு போகட்டும். அதே காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரியும். கறுப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம்!

இந்தக் கோடுகளைப் போட்டது யார்?

பெரும்பாலும் நாம்தான்! காலையில் எழுந்ததும் பழைய துணி ஒன்றை எடுத்துக் காரின் மேல் இருக்கும் தூசியைத் துடைக்கிறோம் அல்லவா? தூசியில் பொடி மணல் இருக்கிறது. ஈரமில்லாத துணியால் துடைக்கும்போது, அந்த மணலை வைத்தே காரைத் தேய்த்துவிடுகிறோம்.

கோடு போக வேண்டுமானால் பாலிஷ் போட வேண்டும். கையால் தேய்த்தால் தோள்தான் வலிக்கும். கோடு லேசில் போகாது. அதனால் பலர் சொந்தமாக பாலிஷ் மெஷின் வாங்கி, விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். ஆயுத பூஜை நெருங்கினால் இந்த ஆசை இன்னும் அதிகமாகும்.

ஆசை நல்லதுதான். ஆனால் மெஷின் தவறினால் கோடு மட்டும் போகாது. காரின் பெயிண்டும் சேர்ந்து போய்விடும்!

தலைமுடியை விட மெல்லிய தோல்

காரின் மேல் இருப்பது ஒரே பெயிண்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அடியில் இரும்புத் தகடு. அதன்மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன்மேல் இன்னோர் அடிப்பூச்சு. பிறகு சிவப்போ, நீலமோ, நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத ஒரு பூச்சு. பெயிண்டர்கள் இதை 'கிளியர் கோட்' என்பார்கள். பளபளப்பைத் தருவது இதுதான். வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இதுதான்.

இத்தனை பூச்சும் சேர்ந்தால் எவ்வளவு கனம் தெரியுமா? சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, ஒரு மைக்ரான்.

அதிலும் கிளியர் கோட் மட்டும் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அப்படியானால் இந்தத் தோல் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

கோடு என்பது ஒரு பள்ளம். பாலிஷ் போடுவது அந்தப் பள்ளத்தை நிரப்புவதாகாது. சுற்றிலும் உள்ள மேட்டை மெல்லச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் இந்தத் தோலில் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வளராது.

துணியில் நிறம் ஒட்டாது

அந்தக் காலத்து அம்பாசிடர் காருக்குப் பாலிஷ் போட்டவர்களைக் கேளுங்கள். வெள்ளைக் கார் என்றால் துணியில் வெள்ளை ஒட்டும். பச்சைக் கார் என்றால் பச்சை ஒட்டும். அப்போது நிறத்துக்கு மேலே தனியாக ஒரு பூச்சு இல்லை. துணியைப் பார்த்தே, "போதும், நிறுத்து" என்பார்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது.

இப்போதைய கார்களில் மேல் பூச்சுக்கு நிறம் கிடையாது. எவ்வளவு சீவினாலும் துணி உங்களுக்கு எச்சரிக்கை தராது. கிளியர் கோட் முழுவதும் போன பிறகுதான் நிறம் ஒட்டும். அப்போது பார்த்து நிறுத்தி என்ன பயன்? அந்த இடத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

ஆகவே, பாலிஷ் மெஷினை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. இந்த மெல்லிய தோலுக்கு எது ஏற்றது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்று வகை

முதலில், பாலிஷ் மெஷினே அல்லாத ஒன்று. வீடு கட்டும் இடத்தில் டைல்ஸ் வெட்டுகிறார்களே, அந்த 4 அங்குலக் கைக் கிரைண்டர். அதில் பஞ்சு வட்டத்தை மாட்டிக் காரைத் தேய்ப்பவர்கள் உண்டு. இது நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல்கூட ஓடும். பாலிஷ் வேலைக்கு 2,000 சுற்றே தாராளம். கிரைண்டர் பட்ட இடத்தில் பெயிண்ட் சூடேறிக் கருகிவிடும். மாவு அரைக்கும் கிரைண்டர் எப்படி இந்த வேலைக்கு ஆகாதோ, அப்படியே இந்தக் கிரைண்டரும் ஆகாது!

இரண்டாவது, 'ரோட்டரி' மெஷின். ஒரே அச்சில் விர்ரென்று சுற்றும். கோட்டைச் சீக்கிரம் எடுக்கும். ஆனால் ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடு ஏறும். கதவின் ஓரத்திலும், தகடு மடியும் இடத்திலும் பெயிண்ட் இன்னும் மெல்லியது. அங்கே பட்டால் போச்சு! கை பழகிய தொழிலாளிக்குத்தான் இது சரி.

மூன்றாவது, 'டூயல் ஆக்‌ஷன்' மெஷின். பூமி தன்னையும் சுற்றிக்கொள்கிறது. சூரியனையும் சுற்றுகிறது அல்லவா? அதுபோல் இதன் பஞ்சு வட்டம் தானும் சுற்றும். ஒரு சிறு வளையமாகவும் சுற்றி வரும். ஒரே இடத்தில் சூடு சேர்வது குறைவு. இந்த வகையில் பலவற்றில், கையை அழுத்திவிட்டால் பஞ்சு சுற்றுவதே நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவரின் காரை இதுவே காப்பாற்றும்.

வீட்டுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வகைதான்.

அளவு ஒன்றல்ல, இரண்டு

கடைக்காரர் "5 அங்குலம், 15 மில்லி மீட்டர்" என்பார். குழம்ப வேண்டாம்.

அங்குலக் கணக்கு, பஞ்சு வட்டத்தைத் தாங்கும் தட்டின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு, அந்தத் தட்டு போடும் சிறு வளையத்தின் அகலம். இதை 'வீச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். 8, 15, 21 மில்லி மீட்டர் வீச்சுள்ள மெஷின்கள் அதிகம் கிடைக்கின்றன.

வீச்சு கூடினால் ஒரே நேரத்தில் அதிக இடம் தேயும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வளைவு நெளிவுகளில் மெஷினை அடக்கி ஓட்டுவது கடினம்.

பெரிது வாங்கினால் என்ன?

"பெரிதாகவே வாங்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே!" என்று தோன்றும்.

கணக்குப் போட்டால் அது சரிதான். 6 அங்குல வட்டத்தின் பரப்பு, 3 அங்குல வட்டத்தின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இல்லை, நான்கு மடங்கு! பானெட்டில் பெரிய வட்டம் கால் மணி நேரத்தில் செய்வதைச் சின்ன வட்டம் செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

ஆனால் கார் என்ன, கேரம் போர்டா? ஆப்பச் சட்டியின் குழியில் தோசைக் கரண்டியைப் போட்டுச் சுரண்டிப் பாருங்கள். கரண்டியின் ஓரம் மட்டும்தான் படும். வளைந்த தகட்டில் பெரிய பஞ்சு வட்டமும் அப்படித்தான். முழுவதும் படியாமல் ஒரு பக்கம் மட்டும் படும். ஒன்று, சுற்றுவது நின்றுவிடும். அல்லது, பட்ட இடத்தையே போட்டுத் தேய்க்கும்.

அதற்காக மிகச் சின்னதும் கூடாது. அதே கையழுத்தம் கால் பங்கு இடத்தில் விழுகிறது. சூடு சீக்கிரம் ஏறும். கூரை முழுவதையும் 3 அங்குலத்தில் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அட்டை வட்டச் சோதனை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காசு செலவில்லை. குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைக் கழுவித் துடைத்துவிடுங்கள். தூசியின் மேல் அட்டையை வைத்தால் அதுவே கோடு போடும். பிறகு வழவழப்பான மெல்லிய அட்டையில் 3, 5, 6 அங்குல அகலத்தில் மூன்று வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் காரின் பல இடங்களில் மெதுவாக வைத்துப் பாருங்கள். இழுக்க வேண்டாம்.

பானெட், கூரை, கதவின் மேல்பாதி, கதவின் கீழ்பாதி, மட்கார்டு, பம்பர், டிக்கி, இரண்டு கதவுகளுக்கு நடுவில் உள்ள தூண். எந்த வட்டம் எங்கே ஏறக்குறையப் படிந்து உட்காருகிறது? எங்கே ஓரம் தூக்குகிறது? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால், இம்மி தூக்கினால் பரவாயில்லை.

எந்த வட்டம் அதிக இடங்களில் படிகிறதோ, அதுதான் உங்கள் வீட்டு மெஷினின் அளவு.

எந்த வீட்டுக்கு எது?

ஸ்விஃப்ட், வேகன்-ஆர் போன்ற சிறிய குடும்பக் கார்களுக்குப் பெரும்பாலும் 5 அங்குல வட்டமே படியும். 5 அங்குலத் தட்டு, 15 மில்லி மீட்டர் வீச்சு போதும். மெதுவாகப் பழக நினைப்பவர்கள் 8 மில்லி மீட்டர் வீச்சும் வாங்கலாம். நேரம் கூடும், அடக்கி ஓட்டுவது சுலபம்.

இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்ற பெரிய வண்டிகளில் அகலமான தகடுகள் அதிகம். கை பழகியபின் 6 அங்குலம், 21 மில்லி மீட்டர் வீச்சு உதவும். ஆனால் வீட்டில் சின்னக் காரும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவாக 5 அங்குலமே நல்லது.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 3 அங்குலம்.

நடுத் தூண், கைப்பிடிக் குழி போன்ற சந்து பொந்துகளுக்கு என்ன செய்வது? அதற்கென்று இன்னொரு மெஷின் வாங்க வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் பஞ்சுத் துண்டால் தேய்த்தால் போதும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

"அதிக வாட், அதிக பலம்" என்பார்கள். வாட் எண் மட்டும் தரத்தைச் சொல்லாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை இரண்டு கையிலும் பிடித்து, ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சிறிய காருக்கே ஒரு நாள் முழுவதும் வேலை இருக்கும். கடையிலேயே கை வலித்தால் வீட்டில் என்ன ஆகும்?

5 அங்குல மெஷினில் 3 அங்குலத் தட்டை மாட்டலாமா? எல்லாவற்றிலும் முடியாது. தட்டின் எடைக்கு ஏற்ப உள்ளே ஒரு சமன் எடை வைத்திருக்கிறார்கள். மாறினால் மெஷின் உதறும். கம்பெனிக்காரர் அனுமதித்திருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

பஞ்சு வட்டம் ஒன்று போதாது. பாலிஷும் தூளும் ஏறி அடைத்துக்கொள்ளும். மூன்று நான்காவது வேண்டும்.

முதல் நாள் வேலை

காரை நிழலில் நிறுத்துங்கள். மறுபடி நன்றாகக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் மாட்டினாலும் புதுக் கோடு விழும். தகட்டின் ஓரங்களிலும் பிளாஸ்டிக் பட்டைகளிலும் பெயிண்டர் டேப் ஒட்டுங்கள்.

கோட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கோடு. அதைப் பாலிஷால் எடுக்க முயன்றால் தோல் போய்விடும். விட்டுவிடுங்கள்.

மிருதுவான பஞ்சு, நைசான பாலிஷ். இதில்தான் தொடங்க வேண்டும். 2 அடிக்கு 2 அடி இடத்தில் மட்டும் முதலில் சோதித்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் அதுவே போதும். போகாவிட்டால்தான் அடுத்த முரட்டு வகை.

தட்டின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். சுற்றாமல் அதிர மட்டும் செய்தால், கையை அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது அந்த வளைவுக்கு வட்டம் பெரிது என்று அர்த்தம்.

விநாடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். அடிக்கடி தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே நிறுத்துங்கள். மெஷினை ஓடவிட்டபடி மேலே தூக்காதீர்கள். பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும்.

ஈரத் தரையில் நிற்க வேண்டாம். தோள் துண்டு, முந்தானை, தொங்கும் சங்கிலி எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது. வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு?

பாலிஷ் முடிந்ததும் மெழுகுப் பூச்சு ஒன்று கொடுங்கள். பளபளப்பு நிற்கும்.

மறுநாள் காலை, அந்தப் பழைய துணியை மட்டும் எடுக்காதீர்கள்! முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். பிறகு ஷாம்பூ நுரையில் நனைத்த மென்மையான துணியால் கழுவுங்கள். போர் தண்ணீர் என்றால், அப்படியே காயவிடாமல் ஈரத்தை உடனே ஒற்றி எடுங்கள். காய்ந்தால் உப்பு வட்டம் விழும்; அதை எடுக்க மறுபடி பாலிஷ் போட வேண்டிவரும்.

நல்ல மெஷின் வாங்கியாகிவிட்டதே என்று மாதம் ஒருமுறை பாலிஷ் போடவும் கூடாது. காருக்கு ஒரே ஒரு தோல்தான் இருக்கிறது. அளவான மெஷினை அளவோடு ஓட்டினால், பல ஆண்டு கழித்தும் அந்த பானெட்டில் முகம் தெரியும்.