அசல் ஆணியைத் தேடி

தமிழ்நாட்டை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் பாட்டியார் காலத்துக் குத்துவிளக்கு ஒன்றேனும் இருக்கும். அதன் உச்சியில் அமர்ந்த அன்னம் உடைந்துவிட்டால், கடைத்தெருவில் அகப்பட்ட வேறோர் அன்னத்தை வாங்கிப் பொருத்த மனம் ஒப்புவதில்லை. மனம் ஒப்பினாலும் மரை ஒப்புவதில்லை! பழைய மரப்படகைப் புதுப்பிக்க முனைவோர் படும் பாடும் இதுவே.

நாம் வசிக்கும் பாணேருக்கு வடக்கே முளா நதி ஓடுகிறது. புனே நகரில் 1868இல் நிறுவப்பெற்ற கன்னாட் படகுக் கழகமும், 1928இல் தோன்றிய பொறியியற் கல்லூரிப் படகுக் கழகமும் உண்டு. ஆதலின் கடலில்லா இந்நகரிலும் படகை அறிந்தோர்க்குக் குறைவில்லை. நண்பர் ஒருவர் தமக்கு வாய்த்த பழைய தேக்குப் படகைச் செப்பனிடத் தொடங்கினார். மரம் எளிதிற் கிடைத்தது. துடுப்பைத் தாங்கும் வெண்கலக் கவைகள் நான்கனுள் ஒன்றுதான் காணப்படவில்லை. அவ்வொன்றைத் தேடி அவருடன் நாமும் ஓராண்டு திரிந்தோம்.

அசல் என்பது யாது? நமது அலுவல் மொழிபெயர்ப்பு. அசல், நகல் என்னும் சொற்களோடு நாள்தோறும் பழகுகிறோம். மராத்தியர் 'அஸ்ஸல்' என்பதும் நாம் 'அசல்' என்பதும் ஒரே அரபு மூலத்தின் வழிவந்தவை. வட்டிக்கடையில் அச்சொல்லுக்கு வேறு பொருள், அது கிடக்கட்டும். கப்பல்களின் வரலாற்றிலோ இவ்வினா எளிதில் தீர்வதில்லை. 1812இல் அமெரிக்கப் போர்க்கப்பலான 'கான்ஸ்டிடியூஷன்' ஆங்கிலேயரின் 'ஜாவா'வோடு பொருதபோது, அதன் சுக்கான் சக்கரம் குண்டுபட்டுச் சிதறியது. வென்ற மாலுமிகள் ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தம் கப்பலில் பொருத்திக்கொண்டனர். அச்சக்கரம் எக்கப்பலுக்கு அசல்?

பம்பாயில் கட்டப்பெற்ற கப்பல் ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். அதன் பெயர் 'டிரிங்கோமலி', நமது திருகோணமலையேதான். வாடியா குடும்பத்துத் தலைமைத் தச்சர் ஜம்சேத்ஜி பொமன்ஜி, பார்சி மரபின்படி, அதன் அடிமரமாகிய ஏராவில் எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து 1816இல் வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. பின்னாளில் பெயர் மாறிப் பயிற்சிக் கப்பலாகப் பணிபுரிந்து, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் 1990 முதல் 2001 வரை செப்பனிடப்பெற்றுப் பழைய பெயரையே மீண்டும் தாங்கி நிற்கிறது. அவ்வெள்ளி ஆணிக்கு மாற்று ஆணி எந்தக் கடையிலும் இராது.

நம் நண்பரின் கவை அத்துணை அருமையானதன்று. எனினும் அதனைத் தேட வேண்டிய முதல் இடம் கடைத்தெருவன்று, படகேயாகும். சாமான் இருந்த இடத்தில் மரம் வெளுக்காது நிற்கும். அந்நிழலே அதன் உருவம். துளைகளின் இடைவெளி அதன் அளவு. அடிப்பலகைகளைத் தூக்கிச் சேற்றை அரித்துப் பார்த்தால் கழன்று விழுந்த ஆணிகளும் கிடைக்கும். திருகாணியின் தலையில் சிலுவைக் குறி இருப்பின், அது 1930களுக்குப் பின் புகுந்தது என்று கொள்ளலாம். முற்காலத்தவை ஒற்றைக் கோடு உடையவை. நம் நாட்டில் மெட்ரிக் அளவுகள் 1958 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கின. அதற்கு முற்பட்ட படகில் மரைகள் அங்குலக் கணக்கில், விட்வொர்த் முறையில் அமைந்திருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். இன்றைய 6 மில்லிமீட்டர் திருகாணியை அத்துளையில் இட்டால் ஆடும். பெரியதை இட்டு முறுக்கினால் மரை அழியும்.

உருவம் ஒத்தால் போதாது, உலோகமும் ஒக்க வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் 'அலாரம்' என்னும் கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்தனர். இரண்டாண்டில் தகடுகள் கழன்றன. செம்பு கெடவில்லை, அதனைத் தொட்டுநின்ற இரும்பு ஆணிகள் உப்புநீரில் மின்னரிப்புற்றுக் கரைந்துபோயின. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் சிக்கிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன! பித்தளைக்கும் ஒரு நோய் உண்டு. சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தோன்றின், துத்தநாகம் வெளியேறி வலுவற்ற செம்பே எஞ்சியுள்ளது என அறிக. நீருக்குள் அமிழும் இடங்களுக்கு வெண்கலமே ஏற்றது.

இனிக் கடைத்தெரு. புதனும் ஞாயிறும் கூடும் புனேயின் ஜூனா பஜார், நாம் காயலான் கடை என்போமே அதன் பேருருவம். மும்பையில் மட்டன் வீதி இருக்கிறது. 1983 முதல் கப்பல் உடைக்கும் தொழில் நடக்கும் குஜராத்தின் அலங்கில் சாலையோரக் கடைகளிலும் கப்பற் சாமான் கிடைக்கும். ஆனால் அவை பெருங்கப்பல்களுக்குரியவை, சிறு படகில் பொருந்தா. வேறோர் ஊரில், "நூறாண்டுப் பழமை, ஐயா" என்று கடைக்காரர் சொல்ல, நல்ல விலை கொடுத்து ஒரு கவையை வாங்கினோம். வீட்டில் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை அதனருகே கொண்டுசென்றதும் பச்சென்று பற்றிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. அன்றுமுதல் காந்தத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டோம்.

முடிவில் வார்ப்பித்தோம். புனே கசபா பேட்டையின் தாம்பட் ஆளியில் பேஷ்வாக்கள் காலந்தொட்டுச் செம்பு வேலை நடக்கிறது. அவர்கள் தட்டி உருவாக்குபவர். செப்புத் தகட்டு வேலைக்கு அவர்களே சிறந்தவர். கவைக்கோ மணல் வார்ப்பு வேண்டும். எஞ்சிய மூன்றில் நல்லதொன்றையே மணலில் பதித்து வார்த்துவிடலாமென்று முதலில் எண்ணினோம். அது பிழை. வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் சுருங்கும். நூறு மில்லிமீட்டர்க் கவை தொண்ணூற்றெட்டரையாக வரும். சுவாமிமலைச் சிற்பியர் மெழுகுருவைச் சற்றே பெரிதாக அமைப்பதும் இது கருதியே. ஆதலின் தச்சரைக்கொண்டு அதே விகிதத்தில் பெரிய மரமாதிரி செய்வித்தோம்.

நான்காவது கவை இப்போது மற்ற மூன்றோடு நிற்கிறது. களிம்பேறாத பளபளப்பு மட்டும் வேறு. மருந்திட்டு அதனையும் மங்கச் செய்யலாமென்றார் நண்பர். வேண்டாமென்றோம். புதிதாகச் சேர்த்த உறுப்பு மொத்தத்தோடு இயைய வேண்டும், ஆயினும் மூலத்தினின்று பிரித்தறியத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது நினைவுச் சின்னங்கள் குறித்து 1964இல் வகுக்கப்பெற்ற வெனிஸ் சாசனத்தின் விதி. நண்பர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, கவையின் அடிப்பக்கத்தில் வார்த்த ஆண்டை உளியால் பொறித்தார். நாம் அதன்கீழ் 'நகல்' என்று ஒரு சொல்லையும் சேர்க்கச் சொன்னோம்.