தொட்டி நிறையத் தண்ணீர், ஷவரில் மட்டும் ஏன் இல்லை?

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரம். மேல்மாடிக் குளியலறையில் ஹீட்டரைப் போட்டு ஷவரைத் திறக்கிறீர்கள். வெந்நீர் நூல்போல் இறங்குகிறது. கீழே தம்பி குளிக்கும்போதோ தண்ணீர் கொட்டுகிறது. ஒரே வீடு, ஒரே தொட்டி. பின் ஏன் இந்த வேறுபாடு?

நம் நாட்டின் இரட்டை மாடி வீடுகள் பலவற்றில் குளியலறைத் தண்ணீர் கூரைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து வருகிறது. அதைத் தள்ளுவது புவியீர்ப்பு மட்டுமே. நீர்மட்டத்திலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடும். உங்கள் ஷவர் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் கீழே இருந்தால் கிடைப்பது 20 கிலோபாஸ்கல். தம்பியின் ஷவர் இன்னும் 3 மீட்டர் கீழே, அங்கு 50. பெரிய தொட்டி வைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தொட்டி 100 கேலனோ 300 கேலனோ, நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான்! நம்ப முடியவில்லையா? ஹீட்டரை அணைத்துவிட்டு, கை ஷவரைத் தலைக்கு மேல் பிடியுங்கள். பிறகு முழங்கால் வரை இறக்கிப் பாருங்கள்.

ஆனால் வீட்டின் உயரம் திடீரென்று மாறுவதில்லை. போன மாதம் நன்றாக வந்த தண்ணீர் இப்போது குறைந்திருந்தால், அடைப்பைத் தேடுங்கள். தண்ணீர்த் தடைக்குப் பிறகு குழாயில் வரும் துருவும் மணலும்தான் பெரும்பாலும் காரணம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். இப்போது நன்றாக வந்தால் அதன் துளைகள் அடைபட்டுள்ளன. பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். அப்படியும் வரவில்லையென்றால், ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையைச் சந்தேகிக்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் அது. தெரிந்தவரை அழையுங்கள், அவரும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

'நூல்போல் வந்தாலும் சூடாகத்தானே வருகிறது' என்று விட்டுவிடாதீர்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் ஓடும் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து சுமார் 38 டிகிரிக்குச் சூடாக்கும். அதே சக்தியில் ஓட்டம் 2 லிட்டராகக் குறைந்தால் வெப்பம் 54 டிகிரியை நெருங்கும். தோல் வெந்துவிடும். ஓட்டம் மிகவும் குறைந்தால் ஹீட்டர் தானாகவே அணைந்துகொள்வது இதனால்தான். வெந்நீர் திடீரென்று பச்சைத் தண்ணீராக மாறினால், ஹீட்டர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் போத்தலும் கைப்பேசிக் கடிகாரமும் இருந்தால் நீங்களே அளக்கலாம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் பிடியுங்கள். போத்தல் 12 வினாடியில் நிரம்பினால் நிமிடத்திற்கு 5 லிட்டர். 30 வினாடி ஆனால் 2 லிட்டர்தான். அடைப்பே இல்லாமல் இவ்வளவு குறைவாக வந்தால் குற்றவாளி உயரம்தான். அப்போது பம்ப் பொருத்திய ஹீட்டரைப் பற்றி அப்பாவிடம் பேசலாம்.