வேட்டிக்கு 'நோ'... சுமந்த கைக்கு கோப்பை! - கோல்ஃப் கிளப்களின் உள்கதை

தறிச் சத்தத்தோடு விடியும் ஊர் சங்கரன்கோவில். இங்கே வேட்டி கட்டினால் கோமதி அம்மன் சந்நிதி வரை ராஜநடை போடலாம். ஆனால், அதே வேட்டியோடு சென்னையில் சில கிளப் வாசலைக்கூடத் தாண்ட முடியாத காலம் ஒன்று இருந்தது. ரொம்பப் பழைய காலமெல்லாம் இல்லை, 2014 தான்!

அந்த ஜூலை மாதம், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. நீதிபதிக்கே இந்தக் கதியா என்று சட்டமன்றம் வரை பிரச்னை வெடித்தது. அடுத்த மாதமே புதுச் சட்டம் வந்தது. இப்போது வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

சரி, இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது?

வெள்ளைக்காரர் போட்ட வேலி

பிரிட்டனுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் இல்லை, நம்ம கொல்கத்தாவில்! ஆண்டு 1829. சென்னையில் 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், நீண்ட காலம் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். இந்தியர்களும் சேர்ந்து பழக 1873-ல் வந்ததுதான் காஸ்மோபாலிட்டன் கிளப். நந்தனத்தில் அண்ணா சாலை ஓரம் பச்சைப் பசேலென்று தெரியும் கோல்ஃப் மைதானம் இவர்களுடையதுதான். வெயில் தாங்காத துரைமார்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறியபோது, கோல்ஃபும் கூடவே ஏறியது.

அமெரிக்காவில் 1882-ல் பாஸ்டன் அருகே புரூக்லைனில் தொடங்கிய கிளப்பின் பெயரே 'தி கன்ட்ரி கிளப்'. நகரத்துப் பணக்காரர்கள் குதிரை, விருந்து என்று பொழுதுபோக்க ஆரம்பித்த இடம். கோல்ஃப் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

'அமெச்சூர்' என்றால் கத்துக்குட்டியா?

இல்லை. பணத்துக்காக ஆடாதவர் என்று அர்த்தம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், சம்பாத்தியம் பற்றிக் கவலையே இல்லாதவருக்குத்தானே அது சுலபம்? விளையாட்டை வைத்து நாலு காசு பார்த்தால் அந்தத் தகுதி போய்விடும்.

இதில் மாட்டியவர் பிரான்சிஸ் உய்மெட். புரூக்லைன் கிளப்புக்கு எதிர்வீட்டுப் பையன், அங்கேயே கேடியாக இருந்தவர். (நம்மூர் 'கேடி' இல்லைங்க... ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வருபவருக்கு அதுதான் பெயர்!) 1913-ல் அதே மைதானத்தில், 20 வயதில், ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு பிரிட்டிஷ் ஜாம்பவான்களைத் தோற்கடித்து யு.எஸ். ஓப்பன் பட்டம் வென்றார். அவருக்குக் கேடியாக வந்தது 10 வயதுப் பொடியன்! ஆனால், விளையாட்டுப் பொருள்கள் கடை வைத்ததற்காக 1916-ல் அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். 1918-ல்தான் திரும்பக் கிடைத்தது. இன்று நிலைமை வேறு. 2022 முதல் அமெச்சூர்களும் ஸ்பான்சர் பிடிக்கலாம்.

நம்ம ஊர் உய்மெட்கள்

டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷெர், 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா, 2009-ல் அதே கோப்பையைத் தூக்கினார். மைதானத்துக்குள் உறுப்பினராக அல்ல, வேலைக்காரராக நுழைந்தவர்கள் இவர்கள்.

இப்போதைய கேள்வி

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் நிலக் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. அதற்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போக, அங்கே பூங்காவும் மழைநீர்க் குளங்களும் அமைப்பதாக அரசு சொன்னது. சிலர் ஆடும் புல்வெளியா, வெள்ளத்தில் தவிக்கும் ஊருக்கான குளமா என்ற விவாதம் சூடுபிடித்தது.

18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். தண்ணீரும் நிறைய வேண்டும். அதனால் ஊருக்கு ஊர் கோல்ஃப் மைதானம் கட்டுவது நடக்காத காரியம். ஆனால், இருக்கிற மைதானங்களில் வாரத்தில் ஒரு நாள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கேடிகளின் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கலாமே? பையைச் சுமந்தே இவ்வளவு கற்றவர்கள், மட்டையைக் கையில் கொடுத்தால் சும்மாவா இருப்பார்கள்?