பால் வற்றிய பசுவுக்கு யார் செலவு செய்வது?

கைவிடப்பட்ட மாடுகளுக்கும் தெருநாய்களுக்கும் திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டை பக்கம் ஒரு காப்பகம் தொடங்க நினைப்பவர் முதலில் இடத்துக்கும் கொட்டகைக்கும்தான் கணக்குப் போடுவார். அது ஒருமுறை செய்யும் செலவு. காப்பகங்களைத் திணறவைப்பது அன்றாடச் செலவு. பால் வற்றியதும் தெருவில் விடப்படும் பசு இன்னும் ஏழெட்டு ஆண்டு உயிரோடு இருக்கும். அதை உள்ளே சேர்க்கும்போது அத்தனை ஆண்டுப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறோம்.

தீவனம்

முன்னூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோலும் 12 கிலோ பசுந்தீவனமும் வேண்டும். இருபது மாடு இருந்தால் வைக்கோல் மட்டும் நாளைக்கு 120 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 44 டன். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே வருடச் செலவில் ரூ.44,000 கூடிவிடும். அறுவடை சமயத்திலேயே வாங்கி, மேடான தரையில் கூரைக்கடியில் போர் போட்டு வைப்பதுதான் சிக்கனம். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது.

தண்ணீர் வசதியுள்ள நிலம் இருந்தால் கம்பு நேப்பியர் புல் நடலாம். நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். கரும்பு வெட்டும் காலத்தில் தோகையும் கைகொடுக்கும். கோடையில் இருபது மாடு குடிக்க மட்டுமே நாளைக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் தேவைப்படும்.

மருத்துவம்

கோமாரித் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். செலவு வைப்பது வேறு. தெருவில் மேய்ந்த மாட்டுக்கு விலா எலும்பு தெரியும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். உள்ளே இருப்பது பாலித்தீன். மாட்டை நிற்கவைத்தே இடப்பக்க விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டுக் கிழித்து, பையும் கயிறும் சிக்கிக் கிடக்கும் உருண்டையைக் கையால் வாரி எடுப்பார்கள். பிறகு பல நாள் மருந்து, கவனிப்பு. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு வண்டி வாடகையும் சேரும்.

நாய்களுக்குக் கருத்தடை, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, தினமும் சமைத்த சாப்பாடு வேண்டும். புதிதாக வரும் நாயைத் தனி அறையில் வைத்துப் பார்க்காவிட்டால், பார்வோ வைரஸ் தொற்று ஒன்றே குட்டிகள் அனைத்தையும் கொண்டுபோய்விடும்.

ஆட்கூலி

இருபது மாடு நாளைக்கு 200 கிலோவுக்கு மேல் சாணம் போடும். அதை அள்ள, தீவனம் வைக்க, புண்ணுக்கு மருந்து போடப் பொங்கலன்றும் ஆள் வேண்டும். விசைத்தறியில் கூலி கிடைக்கும் ஊரில் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் ஆள் நிற்காது. சாணத்தை எருவாக விற்றால் வரும் பணம் இந்தக் கூலிக்குக் காணாது.

பணம் எங்கிருந்து?

1906இல் தொடங்கிய சென்னை அயனாவரம் பிஞ்சராப்போல் பசுக் காப்பகமும், 1964இல் பதிவான புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பும் இத்தனை காலம் நின்றதற்குப் பெரிய காரணம் பொதுமக்கள் விடாமல் தந்த நன்கொடை. ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் வந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விலங்குகள் நல வாரியம், அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. ஆனால் விண்ணப்பித்துக் காத்திருந்து பெறும் மானியத்தை நம்பி மாதச் சம்பளம் போட முடியாது. 80ஜி எனப்படும் வருமான வரித்துறைச் சான்றை வாங்கிவிட்டால், பழைய வரிமுறையில் இருக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும்.

காப்பகம் தொடங்குவோரே, ஆறு மாதத் தீவனப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எத்தனை உயிர் என்று வரம்பு வையுங்கள். வரம்பை மீறிச் சேர்த்தால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். நன்கொடை கொடுப்போரே, அடிபட்ட மாட்டின் படத்தைப் பார்த்து ஒருமுறை பெருந்தொகை அனுப்புவதோடு நிற்காமல், மாதம் நூறு ரூபாயாவது தவறாமல் கொடுங்கள். நெல் அறுத்தவர் ஒரு வண்டி வைக்கோல் அனுப்பினால் அது பணத்துக்குச் சமம்.